குளிரில் இலை முழுக்கக் கொட்டிய கறிவேப்பிலை: பிழைக்குமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

காவிரிக்கரை (மிசிசாகா), ஜனவரி 14

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். என்னென்ன செய்தேன் என்று முழுதாகச் சொன்னால்தான் எங்கே தப்பு என்று உங்களால் சொல்ல முடியும்.

டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் 17வது மாடியில் இருக்கிறோம். சொந்த ஊர் கும்பகோணம். போன ஜூன் மாதம் ஸ்காபரோ பக்கம் ஒரு கடையில் இந்தச் செடியை 45 டாலர் கொடுத்து வாங்கினேன். அப்போது இடுப்பு உயரம், ஒரே தொட்டியில் நான்கு தண்டுகள். ஊரில் எங்கள் கொல்லையில் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கொத்தைக்கூட அம்மா வேண்டாம் என்பாள். அடுப்பில் எண்ணெய் வைத்த பிறகுதான் "போய் ரெண்டு ஈர்க்கு பறிச்சுண்டு வா" என்று என்னை அனுப்புவாள். அந்த மரத்துக்கு யாரும் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. பாத்திரம் தேய்த்த தண்ணீர் அதன் காலடியில் போகும், அவ்வளவுதான். அதனால் இதற்கும் பெரிய கவனிப்பு வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பால்கனி வடகிழக்கு பார்த்தது. ஜூன், ஜூலையில் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை நல்ல வெயில் விழும். செடி என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட்டில் இந்த மாடியில் இருக்கும் மூன்று வீடுகளுக்கும் கொத்துக் கொத்தாகக் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசி வாரம்தான் உள்ளே எடுத்தேன். அதற்கு முன்பே சில இரவுகள் 4, 5 டிகிரி வரை இறங்கிவிட்டன. ஹாலில் அதே வடகிழக்கு ஜன்னல் ஓரம் வைத்தேன். பக்கத்திலேயே தரையில் ஹீட்டர் காற்று வரும் துவாரம் இருக்கிறது, செடிக்குக் கதகதப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நவம்பர் நடுவில் இலைகள் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தன. காலையில் கூட்டினால் உள்ளங்கை நிறைய இலை. முதல் வாரம் அதையெல்லாம் எடுத்துக் காயவைத்துப் பொடி இடித்தேன். அப்புறம் பயம் வந்துவிட்டது.

சத்துக் குறைவாக இருக்கும் என்று 10 அங்குலத் தொட்டியிலிருந்து 16 அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். நீல நிறத்தில் வரும் உரத்தூளைக் கரைத்து வாரம் ஒரு முறை ஊற்றினேன். தினமும் காலை ஒரு டம்ளர் தண்ணீர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவதற்குள் ஒரு இலைகூட மிச்சமில்லை. இப்போது தொட்டியில் நிற்பது நான்கு குச்சிகள்தான்.

தூக்கிப் போட்டுவிட்டு ஜூனில் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கலிஃபோர்னியாவில் இருக்கும் தோழி அவள் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கன்று பார்சலில் அனுப்புகிறேன் என்கிறாள். எனக்கு இதை விட மனமில்லை. உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இருந்தால் இந்தக் குளிரில் நான் என்ன செய்யலாம்?


கந்தர்மடம் (ஸ்காபரோ), ஜனவரி 14

தங்கச்சி, தூக்கிப் போடாதீர்கள்.

நான் 1989இல் ரொறன்ரோவுக்கு வந்தேன். இப்போது எங்கள் வீட்டில் நிற்கிற கறிவேப்பிலைக்கு 21 வயது. அதில் ஆறேழு குளிர்காலங்களில் அது முழு மொட்டையாக நின்றிருக்கிறது. அதற்கு முன்னர் மூன்று கண்டுகளை (கன்றுகளை) சாகக் கொடுத்தேன். மூன்றும் குளிரில் சாகவில்லை. நான் ஊற்றிய தண்ணியில் செத்தன. அதனால்தான் நீங்கள் எழுதியதைக் கண்டவுடன் வேலையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பெருவிரல் நகத்தால் தண்டின் தோலை ஒரு அரிசி அளவுக்குச் சுரண்டுங்கள். நுனியில் தொடங்கிக் கீழே வாருங்கள். மண்ணிறத் தோல் கடதாசி மாதிரி உரியும். அதற்குக் கீழே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. சுரண்டிய நகத்தை மணந்து பாருங்கள், கறிவேப்பிலை வாசம் வரும். வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தால் அந்த இடம் செத்தது. இரண்டு அங்குலம் இறங்கித் திரும்பவும் சுரண்டுங்கள். அடி வரைக்கும் காய்ந்திருந்தாலும் கைவிட வேண்டாம், வேரிலிருந்து கண்டு வெடிக்கிற மரம் இது. ஊரில் தாய்மரத்தைச் சுற்றி ஐந்தாறு கண்டு நிற்குமே, அதெல்லாம் அப்படி வந்ததுதான்.

அடுத்தது மண். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். ஈரமாக இருந்து, புளித்த மணமும் வந்தால் இன்றைக்கே சாடியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ உறுதியாக இருக்கும். அழுகியது கறுத்து, பிடித்து இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் மிஞ்சும். அழுகியதைக் கத்தரித்துவிட்டு, மிச்ச வேர்க்கட்டு எந்த அளவோ அதைவிட ஒரு அங்குலம் மட்டும் பெரிய சாடியில் வையுங்கள். 16 அங்குலம் வேண்டாம். சாடி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இளக்குகிற வெள்ளைத் துகள்) கலந்தால் தண்ணி நிற்காது. மண்ணில் புளித்த மணம் இல்லையென்றால் வேரைத் தொடவே வேண்டாம், மண்ணைக் காயவிட்டால் போதும்.

ஏன் இப்படி ஆனது என்று சொல்கிறேன், அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். ஜூனில் இங்கே சூரியன் வடகிழக்கில் உதிக்கிறது, பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். அதனால் உங்கள் பால்கனியில் வெயில் விழுந்தது. டிசம்பரில் தென்கிழக்கில் உதித்து, தெற்கில் தாழ்வாகவே போய்த் தென்மேற்கில் மறைகிறது. பகல் 9 மணித்தியாலம்கூட இல்லை. உங்கள் யன்னலுக்கு நேர் வெயில் வருவதே அரிது. கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் தெரியும், செடிக்கு அது இருட்டு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். கோடை வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வரும், குளிர்காலத்தில் வீட்டின் உள்பக்கம் சில நூறுதான். தொலைபேசியில் லக்ஸ் அளக்கிற செயலி இருக்கிறது. செடி நிற்கிற இடத்தில் அளந்து பாருங்கள், நீங்களே திகைத்துப் போவீர்கள்.

வெளிச்சம் இல்லாத செடி தண்ணி குடிக்காது. அதிலும் 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் கறிவேப்பிலை வளர்வதையே நிறுத்திவிடும். அக்டோபர் இரவுகளிலேயே உங்கள் செடி நித்திரைக்குப் போகத் தொடங்கிவிட்டது. நித்திரை கொள்கிற பிள்ளையின் வாயில் சோறு ஊட்டின மாதிரி நாங்கள் பசளையும் (உரமும்) தண்ணியும் கொடுக்கிறோம். மண் காய இடமில்லை, வேருக்குக் காற்று இல்லை, வேர் அழுகும், இலை மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டு இன்னும் ஊற்றுவோம். நான் மூன்று தரம் செய்தது இதைத்தான்.

ஆகையால் இனிப் பசளை கிடையாது, ஏப்ரல் வரை. தண்ணிக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். சாடியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்தபோது எவ்வளவு பாரம், ஊற்றியபின் எவ்வளவு பாரம் என்று கைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். மொட்டையாக நிற்கிற செடிக்கு இரண்டு, மூன்று கிழமைக்கு (வாரத்துக்கு) ஒரு தரம் வந்தாலும் ஆச்சரியமில்லை. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி வரும், அதை நேரே ஊற்ற வேண்டாம். முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்தால் காலையில் வீட்டுச் சூட்டுக்கு வந்திருக்கும்.

ஹீட்டர் துவாரத்துக்குப் பக்கத்திலிருந்து செடியை நகர்த்துங்கள். அந்தக் காற்று உலர்ந்த காற்று, அரும்பு வந்தாலும் கருக்கிவிடும். யன்னல் கண்ணாடியில் கிளை முட்டவும் கூடாது.

கடைசியாக விளக்கு. தெற்கு யன்னல் இல்லாத உங்களுக்கு இது கட்டாயம் வேண்டும். 30 வாட்ஸ் அளவில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு போதும், ஊதா நிறம் தேவையில்லை. நுனியிலிருந்து 8 அங்குலம் தள்ளித் தொங்கவிட்டு, டைமர் போட்டு ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரியவிடுங்கள். மாதத்துக்கு 13 யூனிட்டுக்குள்தான் மின்சாரம் போகும். இரவில் அணைத்துவிட வேண்டும்.

சுரண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.


வைகறை (காரமடை), ஜனவரி 15

அக்கா, எங்களுக்குக் காரமடை பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் இருக்கிறது. மேட்டுப்பாளையம், காரமடை சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் வருசம் முழுக்க இதையே வெள்ளாமையாக வைத்திருக்கிறோம். குளிர் நாட்டு விசயம் எனக்குத் தெரியாது, ஆனால் செடியின் குணம் தெரியும்.

இது வெட்டினால் துளிர்க்கிற செடி. எங்கள் தோட்டத்தில் ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவோம், அப்போதுதான் பக்கக் கிளைகள் வரும். அறுவடை என்பதே கிளையோடு வெட்டுவதுதான். நீங்கள் இலையை மட்டும் உருவிக்கொண்டிருந்தால் செடி கொக்கு மாதிரி ஒல்லியாக மேலே போய்விடும். தோள் உயரம் என்று சொன்னதைப் பார்த்தால் அப்படித்தான் போயிருக்கிறது. செத்த நுனியைப் பச்சை தெரிகிற இடம் வரை வெட்டிவிடுங்கள், ஒரு கணுவுக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கணுவிலிருந்து துளிர் வரும்.

இன்னொன்று, ஒரு தொட்டியில் நான்கு தண்டு என்றால் அது பெரும்பாலும் ஒரே செடியாக இருக்காது. விதையை மொத்தமாகப் போட்டு முளைத்த நான்கு கன்றுகளை அப்படியே தொட்டியில் வைத்து, புதர் மாதிரி தெரியட்டும் என்று விற்பார்கள். ஒன்று செத்தாலும் மற்றது பிழைக்கும். அதனால் நாலையும் தனித்தனியாகச் சுரண்டிப் பாருங்கள்.

புளித்த மோரில் பெருங்காயம் கரைத்து ஊற்றினால் தளதளவென்று வரும். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து வாசல் செடிக்கு அதுதான்.


நாகலிங்கப்பூ (சான் ஹோசே), ஜனவரி 15

செடியைப் பற்றி மேலே இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பார்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோழியை அனுப்ப விடாதீர்கள்.

கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்பும் ஒரு சிறு தத்துப்பூச்சிக்குக் கறிவேப்பிலைத் துளிர் மிகவும் பிடிக்கும். அந்தப் பூச்சி 1998இல் ஃபுளோரிடாவிலும், 2008இல் கலிஃபோர்னியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் 2005இல் ஃபுளோரிடாவுக்கு வந்தது, அங்கே ஆரஞ்சு விவசாயமே ஒடுங்கிப்போனது. இங்கே தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து கறிவேப்பிலைச் செடியை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துச் செடிக்கும் அது பொருந்தும்.

என் பின்கட்டில் ஒரு மரம் நிற்கிறது. கேட்பவர்களுக்கு ஒரு கொத்துகூட அஞ்சலில் அனுப்ப முடியவில்லை என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் பக்கத்தில் தலைமுறையாக ஆரஞ்சுத் தோப்பு வைத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தபின் அந்த விதியை மீற எனக்கு மனம் வராது. புதுச்செடி வேண்டுமென்றால் உங்கள் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.


காவிரிக்கரை (மிசிசாகா), ஜனவரி 18

மூவருக்கும் நன்றி. கந்தர்மடம் ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். தோழியிடம் பார்சல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை தரையில் பழைய துண்டை விரித்து உட்கார்ந்து நாலு குச்சிகளையும் சுரண்டினேன். முதல் குச்சி நுனியிலிருந்து அடி வரை வைக்கோல்தான், மண்ணை ஒட்டிய இடத்தில் அழுத்தினால் நசுங்கியது. இரண்டாவதில் மேலே பாதி காய்ந்திருந்தது. பாதிக்குக் கீழே ஒரு கணுவுக்கு அடியில் சுரண்டியபோது பச்சை தெரிந்தது. பட்டாணித் தோலின் உட்புறம் போல ஒரு பச்சை, விரலில் ஈரம் ஒட்டியது. முகர்ந்தேன். இரண்டு மாதமாக வீட்டில் இல்லாத வாசனை. என் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் முகரச் சொன்னேன், "ரசம் வாசனை" என்றாள். மூன்றாவது குச்சியிலும் கீழே ஒரு அடிக்குப் பச்சை. நாலாவது சந்தேகமாக இருக்கிறது. பழுப்புமில்லை, பச்சையுமில்லை.

மண் புளித்த மாவு மாதிரி நாறியது. தொட்டியிலிருந்து எடுத்தால், நான் புதிதாகப் போட்ட மண் முழுக்கச் சேறு. அதற்குள் ஒரு வேர்கூடப் போகவில்லை. நடுவில் பழைய வேர்க்கட்டு, அதில் பாதி கறுப்பு. வெட்டிவிட்டு, வைகறை சொன்னதுபோலத் தனித்தனிக் கன்றுகளாகப் பிரிக்கலாமா என்று பார்த்தேன். வேர்கள் பின்னிக் கிடந்ததால் பிரிக்கவில்லை. செத்த ஒன்றை மட்டும் உருவி எடுத்துவிட்டு, மற்ற மூன்றையும் 8 அங்குலத் தொட்டியில் வைத்தேன். செத்த நுனிகளையும் பச்சை வரை வெட்டிவிட்டேன். இப்போது மூன்றும் முழங்கால் உயரம்தான்.

ஜன்னலில் உச்சி வேளையில் அளந்தேன். செடி இருந்த இடத்தில் 340 லக்ஸ் காட்டியது. நான் அந்த இடத்தை நல்ல வெளிச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விளக்கு வாங்கி மாட்டிவிட்டேன், அதன் கீழே 9,000 காட்டுகிறது.

இரண்டு சந்தேகம். வேர் வெட்டியபின் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? வைகறை சொன்ன மோர் இப்போது கொடுக்கலாமா? அப்புறம், வெட்டிய குச்சிகளில் ஒன்றின் கணுவில் பழுப்பாகச் சின்னச் சின்ன ஓடு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் நெருடினால் வந்துவிடுகிறது. அது என்ன?


கந்தர்மடம் (ஸ்காபரோ), ஜனவரி 18

மூன்றில் இரண்டு பச்சை என்றால் நல்ல சேதி. நாலாவதையும் விட்டு வையுங்கள்.

புதுமண் ஓரளவு ஈரமாக இருந்தால் இப்போது ஊற்ற வேண்டாம். ஒரு கிழமை பொறுத்து, பாரம் பார்த்து, சாடியின் அடியால் வடிகிற வரைக்கும் ஒரு தரம் நிறைய ஊற்றி, தட்டில் தேங்குகிறதைக் கொட்டிவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற பழக்கம்தான் ஆகாது.

மோரை வீட்டுக்குள் ஊற்றாதீர்கள் தங்கச்சி. தம்பி வைகறை சொன்னது வெளியில், நிலத்தில், வெயிலில் நிற்கிற மரத்துக்குச் சரி. அங்கே மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இரண்டு நாளில் அதைத் தின்று முடித்துவிடும். பூட்டிய வீட்டில் ஒரு சாடி மண்ணுக்குள் அது அழுகும், மணக்கும், கறுப்புக் கொசு மாதிரிச் சின்ன ஈக்கள் மண்ணில் முட்டையிடும். 2011 என்று நினைவு, அந்த ஈக்களோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினோம். தேத்தண்ணிக் கோப்பைக்குள் எல்லாம் விழும். அரிசி கழுவின தண்ணியும் அதே கதைதான். கோடையில் வெளியே வைத்தபின் இரண்டையும் தாராளமாக ஊற்றலாம்.

நீங்கள் கண்டது செதில் பூச்சி. ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். இலை இருக்கிற காலத்தில் தரையும் இலையும் சீனிப்பாகு தொட்ட மாதிரிப் பிசுபிசுக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பழைய பல் துலக்கும் பிரஷை சவர்க்காரத் தண்ணியில் தோய்த்துத் தண்டு முழுக்கத் தேய்த்துவிடுங்கள், கணுக்களில் கவனமாக. கிழமைக்கு ஒரு தரம், நாலு கிழமைக்கு. துளிர் வந்தபின் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஹீட்டர் ஓடுகிற வீட்டில் சிலந்திப் பேன் வரும், இலையில் மஞ்சள் புள்ளிகளும் நூல் மாதிரி வலையும் தெரியும். அதற்கு மருந்தே வேண்டாம். செடியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டுபோய், மண்ணைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டிவிட்டு, ஷவரில் இலையின் இரண்டு பக்கமும் கழுவினால் போய்விடும். நான் மாதம் ஒரு தரம் குளிப்பாட்டுகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மண்ணில் போட்டால் வேர் உறிஞ்சி இலைக்கு ஏற்றுகிற பூச்சி மருந்துகள் உண்டு, பூச்செடிகளுக்கு. சுலபம் என்று யாரும் சொன்னாலும் அதை வாங்காதீர்கள். நாங்கள் தின்கிற இலை இது. உங்கள் வீட்டில் குழந்தையும் இருக்கிறது.

இனிப் பொறுமைதான். பெப்ரவரி கடைசி வரை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.


வைகறை (காரமடை), ஜனவரி 19

ஐயா சொல்வது சரிதான். வீட்டுக்குள் என்பதை நான் யோசிக்கவில்லை. மோரை விட்டுவிடுங்கள் அக்கா.


காவிரிக்கரை (மிசிசாகா), மார்ச் 9

எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், எழுத எதுவும் இல்லை. ஏழு வாரத்தில் மூன்று முறைதான் தண்ணீர் ஊற்றினேன். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பேன், இன்னும் கனம், கீழே வைத்துவிடுவேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் மறுபடியும் சுரண்டிப் பார்த்தேன், பச்சை இருந்தது.

நேற்றுக் காலை இரண்டாவது குச்சியில், நான் வெட்டிய இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே, கணுவில் ஒரு புள்ளி. கடுகுக்கும் சின்னது. முதலில் செதில் பூச்சி திரும்ப வந்துவிட்டது என்று நினைத்து நகத்தைக் கொண்டுபோய்விட்டேன். நல்லவேளை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நுனி செம்பழுப்பு, அடியில் வெளிறிய பச்சை. இன்று காலை அது பிளந்து இரண்டு மெல்லிய இதழாக நிற்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு புள்ளி.

கணவர் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் விளக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

நாலாவது குச்சி போய்விட்டது. அடி வரை காய்ந்துவிட்டது, நேற்று வெட்டிவிட்டேன். மூன்றாவதில் இன்னும் ஒன்றும் இல்லை, ஆனால் பச்சை இருக்கிறது.


கந்தர்மடம் (ஸ்காபரோ), மார்ச் 9

வாசித்தவுடன் என் மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் சந்தோசம்.

இந்த முதல் துளிரை எதற்காகவும் பறிக்காதீர்கள். வேருக்குச் சாப்பாடு செய்து கொடுக்கப்போவது அந்த இலைகள்தான். ஒவ்வொரு கிளையிலும் ஐந்தாறு ஈர்க்கு வந்தபின் நுனியைக் கிள்ளுங்கள், தம்பி வைகறை சொன்னபடி பக்கத்தால் வெடிக்கும். இனித் தண்ணி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் பாரம் பார்க்கிறதை விட வேண்டாம். ஏப்ரலில் பசளை தொடங்கலாம், பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவில் பாதி, மாதம் இரண்டு தரம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து போதவில்லை என்று அர்த்தம். எங்கள் குழாய்த் தண்ணி கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, அதனால் வருவது. தண்ணியில் கரைகிற இரும்புச் சத்து தோட்டக் கடைகளில் கிடைக்கும்.


காவிரிக்கரை (மிசிசாகா), மே 12

மூன்றாவது குச்சியும் ஏப்ரல் 2ஆம் தேதி துளிர்த்துவிட்டது. இரண்டாவதில் இப்போது மூன்று கிளைகள், எண்ணிப் பார்த்தேன், 23 ஈர்க்கு. நேற்று அன்னையர் தினம். அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். தொட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள். கடைசியில் ஒரே ஒரு ஈர்க்கு பறித்து அவள் பார்க்கும்படி எண்ணெயில் போட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு, "கடுகு வெடிச்சப்புறம் போடணும்னு எத்தனை தடவை சொல்றது" என்றாள்.

எப்போது பால்கனியில் வைக்கலாம் ஐயா? பகலில் 18, 19 டிகிரி வந்துவிட்டது.


கந்தர்மடம் (ஸ்காபரோ), மே 12

இரவைப் பாருங்கள், பகலைப் பார்க்காதீர்கள். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாமல் ஒரு கிழமை நின்றால் சரி. நான் விக்டோரியா நாள் விடுமுறை (மே 25க்கு முந்திய திங்கள்) கழியும் மட்டும் அசைக்க மாட்டேன். வெளியே வைத்தாலும் முதல் கிழமை நேர் வெயில் கூடாது, விளக்கடியில் பிறந்த இலை வெந்துவிடும். கதிரைக்குப் பின்னால் நிழலில் ஒரு கிழமை, பிறகு காலை வெயிலில் ஒரு மணித்தியாலம், அப்படியே கூட்டுங்கள். 17வது மாடியில் காற்று பலமாக இருக்கும், சாடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

செப்டெம்பர் நடுவில் உள்ளே எடுங்கள். அக்டோபருக்கு விட வேண்டாம்.